ஒரு வேளை, ஒரு மாத்திரை

மருந்துக் கவரில் ஒட்டியிருப்பதை யாரும் படிப்பதில்லை என்பது மருந்து ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் பொதுவான நம்பிக்கை. வரிசையில் நிற்பவர்கள் கை நீட்டி வாங்குவார்கள், "இது எப்பங்க போடணும்?" என்று கேட்பார்கள், சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அந்த ஊரில் இஸ்திரிக்கடைக்காரர் என்று ஒருவர் இருந்தார். சாமான் கட்டிவந்த காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடாமல், நீவிவிட்டு முதல் வரியிலிருந்து படிக்கிற மனுஷன். கவரையும் படித்தார். படித்தபடியே நடந்தார். அதுதான் வினையாகிப்போனது.

திங்கட்கிழமை காலை பத்து மணி வாக்கில் அவரை வேனில் போட்டுக்கொண்டு வந்தார்கள். துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்திருக்கிறார். விழும்போது பெட்டி கையின்மேல் சாய்ந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் வெந்துவிட்டது. ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று டாக்டர் சத்தம் போட, அவர் மனைவி கவரைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மருந்து ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. இவரு என்னமோ இஷ்டத்துக்குச் சாப்பிட்டாருன்னு டாக்டரு திட்டறாரு. எழுத்துக்கு எழுத்து பாத்துத்தான் சாப்பிட்டாரு."

வரிசை பின்னால் வாசல்வரை நின்றது. "எங்க, காட்டுங்க" என்று அக்கா கவரை வாங்கிப் பார்த்தாள். 'ஒருவேளை ஒரு மாத்திரை. உணவுக்குப் பின்.' சரியாகத்தான் இருந்தது.

"சரியாத்தானே போட்டிருக்கு? ஒண்ணு போடணும்."

"எங்க போடணும்னு இருக்கு? ஒருவேளைன்னுல்ல இருக்கு. ஒருவேளை தேவப்பட்டா ஒண்ணு போட்டுக்கன்னு. தலை சுத்தினா போடுவாரு, சுத்தலன்னா விட்டுருவாரு. இருவது நாள்ல நாலு மாத்திரதான் போட்டிருக்காரு. நான்கூட கேட்டேன், என்னங்க இப்படி விட்டு விட்டு சாப்பிடறீங்கன்னு. அதான் எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதவ மாதிரி பேசறியேன்னு என்னையே மடக்கினாரு."

அக்கா மறுபடி படித்தாள். எழுத்தில் ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை. 'ஒரு'வுக்கும் 'வேளை'க்கும் நடுவில் இருந்த இடைவெளி மட்டும் காணாமல் போயிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு வேளை என்று சொல்லவேண்டிய கவர், இருந்தாலும் இருக்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தது.

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"கை வெந்து கிடக்கு. பேச்சு இருக்கு. கவர பத்திரமா வைன்னுதான் முதல்ல சொன்னாரு."

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை அவளுக்குப் பெயர் அக்காதான். பத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னல். முன்னெல்லாம் கவர்மேல் பேனாவால் கிறுக்கிக் கொடுப்பாள். காலை பதினொரு மணிக்குமேல் அவள் கையெழுத்து அவளுக்கே புரியாது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் கூடப்பிறந்த தம்பி, கவரை அச்சடிக்கிற புரோகிராம் ஒன்றை எழுதினான். பகலில் பிரின்டர் ரிப்பேர்க் கடையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் இதுதான். மருந்தின் பெயரைத் தட்டினால் போதும், எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கொட்டை எழுத்தில் தமிழில் அச்சாகி வரும். எழுதியதை அப்படியே இணையத்தில் வைத்தான். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், குற்றம் குறை இருந்தால் திருத்தி அனுப்பலாம். இரண்டு வருஷத்தில் பதினான்கு ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன.

திருத்தம் என்று யார் என்ன அனுப்பினாலும் தமிழைப் பார்ப்பது அக்காவின் வேலை. தம்பிக்குக் கம்ப்யூட்டர் பாஷை எல்லாம் தண்ணீர்பட்ட பாடு, தமிழில் மட்டும் 'ல'வும் 'ள'வும் அவன் இஷ்டத்துக்கு வரும். அதனால் அக்காவிடம் காட்டுவான். அவள் தலையாட்டிவிட்டால் அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் 'அக்கா பார்த்தாச்சு' என்று குறித்துச் சேர்த்துக்கொள்வான். அப்படி ஒரு குறிப்பு இருப்பதே அக்காவுக்குத் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் முகத்துக்கு நேரே அவன் போனை நீட்டியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "சந்திப்பிழை அனுப்பியிருக்கார்க்கா. நாப்பத்து மூணு திருத்தம்."

சந்திப்பிழை என்பது ஒரு ஆளின் புனைபெயர். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வேலை, எதுவும் தெரியாது. க், ச், த், ப் விட்டுப்போன இடமெல்லாம் தேடிப் பிடித்து ஒட்டி அனுப்பும் ஆத்மா. கண்ணீர் வழிய வழிய அக்கா மேலிருந்து கீழே பார்த்தாள். எல்லாம் ஒற்று. நல்ல திருத்தம். கடைசியில் ஒன்று மட்டும் இரண்டு சொல்லைச் சேர்த்திருந்தது. ஒருவேளை. அகராதியில் அப்படித்தானே இருக்கும்? எந்த வரியில் வரும், எந்த மாத்திரைக்குப் பக்கத்தில் வரும் என்று அந்தப் பட்டியலில் இல்லை. வெறும் சொல். "சரியாத்தான்டா இருக்கு. தள்ளு, எரியுது" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது.

ஜன்னலை மூடும்வரை மிச்சக் கவர்களை எல்லாம் கையாலேயே திருத்திக் கொடுத்தாள். பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பழைய நோயாளிகள் கவரைப் பார்க்கமாட்டார்கள், பழக்கத்தில் சாப்பிட்டுவிடுவார்கள். இந்த மூன்று வாரத்தில் புதிதாக மாத்திரை ஆரம்பித்தவர்கள்தான் ஆபத்து. அவர்கள் யார் யார் என்பது மருந்தறைக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. டாக்டர் சீட்டு நோயாளியோடு போய்விடும். நோட்டில் எழுதுகிற வழக்கம் எப்போதோ நின்றுபோனது.

"காலைல முதல் வேலையா பட்டியல எடுத்துடலாம். எனக்கு இப்ப ஆபரேஷன் இருக்கு" என்றார் டாக்டர். அக்காவும் சரி என்று கிளம்பி வந்தாள். இஸ்திரிக்கடைக்காரரைப் போய்ப் பார்க்கக்கூட அன்றைக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிப் போய் அந்தக் கம்ப்யூட்டரை அப்போதே திறந்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று பிற்பாடு அவள் தன்னைத் தானே கேட்காத நாள் கிடையாது.

குடியிருப்பது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஊழியர்களுக்குக் கொடுத்த வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, துணி காயப்போட ஒரு முற்றம். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சாயங்காலம் அவர் வந்தபோது தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான், அக்கா தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்ளே, ஊரே உன்னப் பத்தித்தான் பேசுதாமே?"

"பிழைய சரி பண்ணிட்டேன் மாமா. எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதியும் போட்டாச்சு. என்ன தப்பு, என்னிக்கு நுழைஞ்சது, என்ன செய்யணும், எல்லாம். பதினாலுல பதினொரு ஆஸ்பத்திரி இன்னிக்கே மாத்திட்டாங்க."

"ஊர்பூரா தண்டோரா போட்டுட்டியா? யாராவது தன் தப்பத் தானே நோட்டீஸ் அடிச்சு ஒட்டுவானா?"

"ஒட்டணும் மாமா. மூடி வச்சா மத்த இடத்துல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? இதே ஒரு கம்பெனி சாஃப்ட்வேரா இருந்திருந்தா, கவர யாருமே படிக்கலன்னு நோயாளி மேலயே பழியப் போட்டுட்டு இருப்பாங்க."

டிரைவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் ஒண்ணு கேக்கறேன். என் பஸ்ஸ வருஷா வருஷம் செக்கிங்குக்குக் கொண்டுபோய் நிறுத்தறேன். பிரேக்க அமுக்கிப் பாக்கறான், விளக்கப் போட்டுப் பாக்கறான், ஒருத்தன் கையெழுத்துப் போடறான். அப்பதான் நாப்பது பேர ஏத்திட்டுப் போக விடறான். உன் வண்டிக்கு யாரு கையெழுத்து? அந்தச் சந்திப்பிழையா? மூஞ்சி தெரியாத ஆளு பிரேக்குல கை வைக்கலாமா?"

"யார் வேணா கை வைக்க முடியாது மாமா. யார் வேணா பாக்கலாம். அது வேற, இது வேற."

"வீட்டுப் படத்த வரைஞ்சு தெருவுல ஒட்டி வச்சா திருடன் வராம என்ன செய்வான்?"

"படம்தான் வெளில இருக்கு. சாவி உள்ளதான இருக்கு. படத்த நாலு பேரு பாத்தாதான், ஏம்ப்பா உன் கொல்லக் கதவு சரியில்லன்னு நல்லவன் ஒருத்தன் சொல்லுவான். திருடன் படம் இல்லன்னாலும் வருவான்."

"சொன்னானா நல்லவன்? இருவது நாள் எவனும் சொல்லலியே. ஒரு ஆளு கை வெந்தப்புறம்தான தெரிஞ்சுது."

தம்பி தட்டுவதை நிறுத்தினான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். டிரைவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சாப்பிடு முதல்ல" என்றார்.

அப்போது போனில் மணி அடித்தது. சந்திப்பிழையிடமிருந்து வந்திருந்தது. தம்பி உரக்கப் படித்தான்: "தவறு என்னுடையது. சொல்லைத் தனியே வாசித்தேன். மாத்திரையோடு சேர்த்து வாசித்திருந்தால் செய்திருக்கமாட்டேன். மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கில்லை. இனிமேல் எதையும் திருத்தமாட்டேன்."

அக்கா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவர் மேல மட்டும் எப்படிடா தப்பாகும்?" என்றாள் அக்கா. "அவரு அனுப்பினாரு. நான்தான பாத்தேன்?"

"அக்கா, அத விடு. நாளைக்கு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரப் பாக்கற கண்ட்ரோல் ஆபீஸ்ல இருந்து வராங்க. ரெண்டு மாசம் முன்னாடி புதுசா சட்டம் வந்துச்சே, ஆஸ்பத்திரில ஓடற எந்தப் புரோகிராமுக்கும் பொறுப்பாளர் ஒருத்தர் வேணும், தப்பு நடந்தா ஒரு நாளைக்குள்ள சொல்லணும்னு. நான் எழுதிப் போட்டதப் பாத்துட்டுப் போன் பண்ணாங்க. அவங்க ஒண்ணு கேட்டாங்க." தம்பி போனைக் கவிழ்த்து வைத்தான். "ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்துல அக்கா பார்த்தாச்சுன்னு இருக்கே, அந்த அக்காங்கறது எந்த நிறுவனம்னு."

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. "அப்படியா எழுதி வச்சிருக்க?"

"எல்லாத்துலயும். ரெண்டு வருஷமா. மத்த ஆஸ்பத்திரிக்காரங்க அதப் பாத்துட்டுத்தான் எடுத்துக்கறாங்களாம். அக்கா பாத்தாச்சுன்னு இருந்தா கண்ண மூடிட்டு போட்டுக்கலாம்னு அவங்களுக்குள்ள பேச்சாம்."

வெங்காயத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று அவள் ஆட்டிய தலை, முன்பின் பார்த்திராத பதினான்கு ஊர்களில் முத்திரையாக விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

"நான் என்ன சொல்லப்போறேன்னா" என்று தம்பி மெதுவாக ஆரம்பித்தான், "அக்காங்கறது எழுத்துப்பிழை பாக்கற ஒரு புரோகிராம் பேருன்னு சொல்லிடறேன். அதுக்கு ஆள் கிடையாது. சந்திப்பிழையே தப்ப ஒத்துக்கிட்டார். யாருன்னு தெரியாது, எங்கன்னு தெரியாது. அவரப் பிடிக்கவும் முடியாது, அவருக்கு ஒண்ணும் ஆகவும் ஆகாது."

"அதான் சரி" என்றார் டிரைவர், ஒரு நொடிகூட யோசிக்காமல். "நீ வாயே திறக்காத. அரசாங்க வேலைல இருந்துட்டு, தம்பியோட சாஃப்ட்வேர சரிபார்த்தேன்னு சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். வீட்டுக்குன்னா எந்த வீட்டுக்கு? இந்த வீடே வேலையோட வந்தது."

எல்லாம் வெளியில் தெரியணும் என்கிறவனும், எல்லாத்துக்கும் கையெழுத்து வேணும் என்கிறவரும் முதல் தடவையாக ஒரே கட்சியில் சேர்ந்துகொண்டார்கள். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள்மேல் கோபம் வந்தது, உடனே பாசமும் வந்தது. கடைசியில் அவளும் "சரி" என்றாள். பயந்துதான் சொன்னாள். பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் போனபோது மருந்தறை மேஜைக்கு முன்னால் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை, தோளில் பெரிய பை, அதில் தண்ணீர் பாட்டிலும் ஒரு கட்டுப் படிவமும். கம்ப்யூட்டரின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு நாடா ஒட்டியாகிவிட்டது. தம்பி ஓரமாக நின்றுகொண்டிருந்தான். பெரிய டாக்டர் கைகட்டி நின்றார்.

"இத எடுங்க மேடம்" என்றாள் அக்கா, வணக்கம்கூடச் சொல்லாமல். "உள்ள பட்டியல் இருக்கு. புதுசா மாத்திர ஆரம்பிச்சவங்களுக்குப் போன் பண்ணணும்."

"எடுக்க முடியாதும்மா." அதிகாரியின் குரல் கடுமையாக இல்லை, களைப்பாக இருந்தது. "யாருன்னே தெரியாத ஒருத்தர் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல ஓடற புரோகிராம மாத்தியிருக்கார். தெரிஞ்சு செஞ்சாரா, தெரியாம செஞ்சாரான்னு இவராலயே சொல்ல முடியல. இன்னிக்கு ஒரு இடைவெளிய எடுத்தவர் நாளைக்கு ஒண்ண ரெண்டாக்க மாட்டார்னு என்ன நிச்சயம்? வெளி ஆள் தலையீடுன்னா பெட்டிய யாரும் தொடக் கூடாது. தலைமையிடத்துல இருந்து ஆள் வந்து ஆராயணும். அது விதி."

"எப்ப வருவாங்க?"

"நாலு நாள் ஆகும்."

"நாலு நாளா! இன்னும் எத்தன பேரு மாத்திரைய எடுத்து வச்சிட்டு தலை சுத்தட்டும்னு காத்திருக்காங்களோ. அந்தப் பட்டியல வேற எங்கயும் பாக்க முடியாதாடா?"

தம்பி தலை குனிந்தான். "முடியாதுக்கா. நோயாளிங்க விவரம் இந்த அறைய விட்டு வெளில போகக் கூடாதுன்னு நான்தான் பூட்டி வச்சேன்."

"நல்ல காரியம்தான் செஞ்சிருக்கார்" என்றாள் அதிகாரி. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. போன வருஷம் ஒரு இடத்துல இதே மாதிரி, பரவால்ல பாத்துக்கலாம்னு பெட்டிய ஓட விட்டாங்க. யாரோ உள்ள இருந்துகிட்டே எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம்தான் இந்த விதி வந்தது. சும்மா யாரும் உக்காந்து எழுதல." படிவத்தைப் பிரித்தாள். "ரெண்டு கட்டம் இருக்கு. வெளித் தலையீடு. பணியாளர் தவறு. இவர் சொல்றத வச்சுப் பாத்தா முதல் கட்டம்தான். அக்காங்கறது ஏதோ புரோகிராமாமே?"

"ரெண்டாவது கட்டத்துல டிக் அடிச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"அக்கா" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா. சொல்லுங்க மேடம், ரெண்டாவதுல அடிச்சா?"

"உள்ள இருக்கற ஒருத்தர் பாத்து, சரின்னு சொல்லி, அதனால பிழை நுழைஞ்சதுன்னா அது ஊழியர் தவறு. பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. நாடாவ இப்பவே பிரிச்சுடலாம், என் முன்னிலைல பாக்கலாம். ஆனா அந்த ஒருத்தர் மேல நடவடிக்கை வரும். கையெழுத்து வேணும்."

வெளியே ஜன்னலில் யாரோ தட்டினார்கள். இன்னிக்கு மருந்து உண்டா இல்லையா என்று ஒரு குரல் கேட்டது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீடு, முற்றத்துக் கொடி, ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டை எல்லாம் ஒரு நொடி கண்முன்னால் வந்து போயின. பிறகு வார்டில் கட்டுப்போட்ட கையோடு படுத்திருப்பவரும் வந்தார்.

"அக்காங்கறது புரோகிராமும் இல்ல, நிறுவனமும் இல்ல மேடம். நான்தான். இந்த ஆஸ்பத்திரில யார வேணா கேளுங்க."

பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி சுவரோடு சாய்ந்துவிட்டான்.

"அவரு அனுப்பினாரு, நிஜம். இவன் சேர்த்தான், அதுவும் நிஜம். நடுவுல ஒரு ஆளு படிச்சுப் பாத்து இது சரின்னு சொல்லணும். அந்த ஆளு நானு. படிச்சேன், எப்படிப் படிச்சேன்? வெங்காயம் அரிஞ்சுகிட்டு படிச்சேன். வேளைக்கு எத்தன மாத்திரன்னு பத்தொம்பது வருஷமா தினமும் ஐநூறு தடவ சொல்ற வாய் இது. அந்தச் சொல்லு சேர்ந்து நின்னா என்ன ஆகும்னு அந்த ஆளுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல. இவனுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அதிகாரி அவளையே பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதுல கையெழுத்துப் போட்டா உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் இல்ல. அந்தச் சந்திப்பிழை யாருன்னு யாருக்கும் தெரியப்போறதில்ல. நான் இத சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன்."

"பேனா குடுங்க."

கையெழுத்தைப் போட்டாள். அதிகாரி எழுந்து சிவப்பு நாடாவை நகத்தால் நிமிண்டிப் பிரித்தாள். பசை ஒட்டிக்கொண்டு லேசில் வரவில்லை. தம்பி வந்து ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். மறைக்கவும் இல்லை.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன் மேடம்" என்றான். "நான் எழுதி வச்சதால்தான உங்களால இத்தனையும் கண்டுபிடிக்க முடிஞ்சுது? எழுதாம இருந்திருந்தா எங்கக்கா தப்பிச்சிருப்பா."

"ஆமா" என்றாள் அதிகாரி. "அதனாலதான் பதினொரு ஆஸ்பத்திரி ஒரே நாள்ல திருத்திக்கிட்டாங்க. ரெண்டும் அதே எழுத்துலதான் வந்தது. நான் என்ன செய்யட்டும்?"

கையெழுத்துப் போட்டவர் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி இருந்தது. அதனால் அதிகாரியே நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். அக்கா போனில் அடித்தாள். தம்பி கூப்பிட்டவர்களை எழுதிக்கொண்டான். அறுபத்தொரு பேர். ஜன்னலில் பெரிய டாக்டரே உட்கார்ந்து மருந்து கொடுத்தார். எந்த மாத்திரை எந்தப் பெட்டியில் என்று தெரியாமல், வரிசையில் நின்ற நோயாளிகளே அவருக்குக் கை காட்டினார்கள்.

"வணக்கம்ங்க, மருந்து ஜன்னல்ல இருந்து பேசறேன். கவர்ல எழுதினது தப்பாயிடுச்சு. தினமும் ஒண்ணு போடணும். ஆமா, தினமும். தலை சுத்தினாலும் சுத்தலன்னாலும்."

சிலர் "அப்படித்தானே போடறேன்" என்றார்கள். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் நான் கவரையே பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். பதினேழு பேர் விட்டு விட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். பதினேழு பேரும் நாலு எழுத்துப் படித்தவர்கள். ஒவ்வொருவரிடமும் அக்கா "தப்பு எங்க மேல" என்று சொன்னாள். பத்தாவது ஆளுக்குமேல் குரல் கம்மிவிட்டது. அதிகாரி தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

இரண்டரை மணிக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் உறையோடு வந்தார். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டாள். தற்காலிகப் பணிநீக்கம், விசாரணை முடியும்வரை. வீட்டைப் பற்றி அடுத்த தாளில் இருந்தது. அதை அவள் புரட்டவில்லை. "ஆமாங்கம்மா, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று போனில் இருந்தவரிடம் பேச்சைத் தொடர்ந்தாள்.

மூன்றரைக்கு அறுபது பேர் முடிந்தது. ஒரே ஒரு எண் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தையல் வேலை செய்கிற அம்மாள், இரண்டு வாரத்துக்கு முன் மருந்து ஆரம்பித்தது, விலாசம் மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து.

"நாளைக்கு யாரையாவது அனுப்பச் சொல்றேன்" என்றாள் அதிகாரி.

"நானே போறேன். எனக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்லையே" என்று அக்கா சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள்.

வெயில் இன்னும் தாழவில்லை. சந்துக்குள் சைக்கிள்கூடத் திரும்பாது. மாடிப்படி ஏறியதும் கதவுக்கு உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. நாலு தடவை தட்டினாள். மிஷின் நின்றது. கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு அம்மாள் கதவைத் திறந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, கண் ஓரம் சிவந்திருந்தது.

"போன் எடுக்கலியே நீங்க."

"மிஷின் சத்தத்துல கேக்காது. யாரு நீங்க?"

அக்கா சொன்னாள். அந்த அம்மாள் உள்ளே போய் அலமாரியிலிருந்து கவரை எடுத்துவந்தாள். அட்டையில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

"ஒண்ணுகூட போடலியா?"

"எதுக்குப் போடணும்? கொடுத்தவங்களே ஒருவேளைன்னு சந்தேகமா எழுதியிருக்கீங்க. உங்களுக்கே நிச்சயமில்லாதத நான் எதுக்கு வயித்துக்குள்ள போட்டுக்கணும்?"

"எழுதினது தப்பு. அச்சடிக்கிறதுக்கு முன்னாடி நான்தான் பாத்தேன், சரியா பாக்கல. தினமும் ஒண்ணு போடணும்ங்க. நிச்சயமா போடணும்."

"இதச் சொல்லவா மாடி ஏறி வந்தீங்க?"

"ஆமா."

"இருங்க" என்று அந்த அம்மாள் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்தாள். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எத்தன நாளைக்கு?"

"இனிமே எப்பவும்."

"எப்பவுமா?"

"ஆமாம்மா. எப்பவும்."

அந்த அம்மாள் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளர் காலியாகும்வரை அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கொஞ்ச நேரம் இங்க உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.